கான்டனீஸ் உறவுமுறைப் பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங்கில் குடியேறியவர்கள், கான்டனீஸ் வீட்டில் சம்பந்தம் செய்தவர்கள், பிள்ளையை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்தவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. கான்டனீஸ் என்பது தென்சீனப் பக்கம் பேசப்படும் ஒரு சீன மொழி. பதில்கள் அதன் ஹாங்காங் பேச்சு வழக்கை ஒட்டியவை. மக்காவ், குவாங்டொங் பக்கம் போனாலும் பெரும்பாலும் இதே சொற்கள்தான்.

சொல்லுக்குப் பின்னால் ஓர் எண் வருகிறதே, அது என்ன?

அது தொனி. ஹாங்காங் மொழியியல் கழகம் 1993-இல் வெளியிட்ட ஜூட்பிங் என்ற எழுத்துமுறையில் தொனியை இப்படி எண்ணால் குறிப்பார்கள். 1 உயர்ந்த சமக்குரல். 2 கீழிருந்து மேலே ஏறும். 3 நடுக்குரல். 4 தாழ்ந்து இறங்கும். 5 தாழ்விலிருந்து கொஞ்சம் மட்டும் ஏறும். 6 தாழ்ந்த சமக்குரல். ஒன்பது தொனி என்று யாராவது பயமுறுத்துவார்கள். க், ட், ப் என்று முடியும் அசைகளைத் தனியாக எண்ணும் பழைய கணக்கு அது. ஆறு போதும்.

இன்னொன்று: ப்ஹ, க்ஹ, ட்ஹ என்று எழுதியிருக்கும் இடத்தில் மூச்சை வெளியே ஊதிச் சொல்ல வேண்டும். வாய்க்கு முன் உள்ளங்கையை வைத்தால் காற்று படவேண்டும்.

ஆங்கிலம் வழியாகக் கற்பது எளிதா?

இல்லை, அதுதான் இருப்பதிலேயே சுற்றுவழி. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் 'அங்கிள்' என்று ஒரு தலைப்பைப் போட்டுவிட்டு அதன்கீழ் ஐந்து கான்டனீஸ் சொற்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் எழுதும். நமக்கு அந்த விளக்கமே தேவையில்லை. அப்பாவுக்கு மூத்தவரா இளையவரா, அம்மா வழியா அப்பா வழியா என்று பிரிப்பது நமக்குச் சின்ன வயதிலேயே பழகிப்போன விஷயம். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்ற மூன்றும் கான்டனீஸிலும் மூன்றுதான். நேராகத் தமிழ்ச் சொல்லில் மாட்டிவிடுங்கள்.

மொழிபெயர்ப்புச் செயலிகளும் இங்கே கைகொடுக்காது. கூகுள் டிரான்ஸ்லேட்டில் 2024-இல் கான்டனீஸ் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் 'அங்கிள்' என்று தட்டினால் அது எந்த அங்கிள் என்று எதை வைத்துக் கண்டுபிடிக்கும்?

அப்பா வழி உறவுகளை எப்படி அழைப்பது?

அப்பா பா4 பா1. வீட்டுப் பேச்சில் லோ5 டவ்6 என்பதும் உண்டு. 'எங்கப்பன்' என்று நாம் சொல்வதில் இருக்கிற அதே உரிமையும் அலட்சியமும் அதில் இருக்கும், அடுத்தவர் அப்பாவைப் பற்றிப் பேசும்போது வேண்டாம்.

பெரியப்பா பாக்3 ஃபு6, அழைக்கும்போது டாய்6 பாக்3, யீ6 பாக்3 என்று வரிசையோடு. பெரியம்மா, அதாவது அவர் மனைவி, பாக்3 நொங்4. சித்தப்பா ஸுக்1 ஸுக்1 அல்லது ஆ3 ஸுக்1, அவர் மனைவி ஆ3 ஸம்2. முன்னால் வரும் இந்த 'ஆ' ஒரு செல்ல ஒட்டு. ஆ3 பா4, ஆ3 மா1, ஆ3 கோ1 என்று எதன் முன்னும் வரும்.

அத்தையில்தான் நம்மைவிட ஒரு படி மேலே போகிறார்கள். அப்பாவின் அக்கா கு1 மா1, தங்கை கு1 ட்சே1. நாம் இருவரையும் அத்தை என்றே அழைத்து, வேண்டுமானால் பெரிய, சின்ன சேர்த்துக்கொள்கிறோம். அங்கே தங்கையாக இருந்தால் 'அக்கா' என்ற அசையும், அக்காவாக இருந்தால் 'அம்மா' என்ற அசையும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. கணவர்மார் இருவரும் கு1 ட்சொங்2.

அம்மா வழியில்?

அம்மா மா4 மா1. பல வீடுகளில் ஆங்கிலத்திலிருந்து வந்த மா1 மி4, அப்பாவுக்கு டே1 டி4. ஆக, ஹாங்காங் பூங்காவில் ஒரு குழந்தை 'மாமி, மாமி' என்று அழுதுகொண்டு ஓடினால் அது அம்மாவைத் தேடுகிறது.

தாய்மாமன் க்ஹவ்5 ஃபு2. அவர் மனைவி க்ஹம்5 மோ5. அம்மாவின் அக்கா யீ4 மா1, தங்கை ஆ3 யீ1, இவர்களின் கணவர் யீ4 ட்சொங்2. ஒரு சின்ன எச்சரிக்கை: 'டாய்6 யீ4 மா1 வந்திருக்கிறாள்' என்று பெண்கள் தங்களுக்குள் சொன்னால் ஊரிலிருந்து பெரியம்மா வந்திருப்பதாக நினைத்து விசாரிக்காதீர்கள். மாதவிலக்கைச் சொல்லும் மறைமொழி அது.

தாத்தா பாட்டிக்கு நான்கு சொற்களா?

ஆம். அப்பாவின் அப்பா யே4 யே4 (சில வீடுகளில் இரண்டாவது அசை ஏறும்). அப்பாவின் அம்மா மா4 மா4. அம்மாவின் அப்பா குங்4 குங்1. அம்மாவின் அம்மா ப்ஹோ4 ப்ஹோ2. அப்பாயி, அம்மாயி, அப்பத்தா, அம்மாச்சி என்று பிரித்துக் கூப்பிடும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

சிக்கல் மா4 மா4-வில்தான். அம்மா மா4 மா1, அப்பத்தா மா4 மா4. எழுத்தில் ஒரே ஒரு எண், வாயில் ஒரே ஒரு ஏற்றம். தொனியை விட்டுவிட்டு நம் ஊர் 'மாமா' போலத் தட்டையாகச் சொன்னால் கேட்பவர் யாரைச் சொல்கிறீர்கள் என்று இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். சொல்லிப் பழக ஒரு வழி இருக்கிறது. அம்மாவை அழைக்கும்போது இரண்டாவது 'மா'வை, அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் மேலே நிறுத்துங்கள். பாட்டிக்கு இரண்டையும் அலுத்துக்கொண்டு சொல்வதுபோல் கீழேயே விடுங்கள்.

இரட்டித்து வரும் சொற்களுக்குத் தொனியில் ஏதாவது ஒழுங்கு உண்டா?

உண்டு. முதல் அசை தாழ்ந்து 4-இல் நிற்கும், இரண்டாவது 1-லோ 2-லோ மேலே போகும். அண்ணன் கோ4 கோ1, அக்கா ட்சே4 ட்சே1, தம்பி டய்4 டய்2, தங்கை முய்4 முய்2. மேலே சொன்ன அம்மா, அப்பா, அம்மா வழித் தாத்தா, பாட்டி நால்வரும் இதே மெட்டுதான். இந்த மெட்டு பிடிபட்டால் வீட்டின் பாதிப் பேரைக் கூப்பிட்டுவிடலாம். அப்பா வழித் தாத்தாவும் அப்பத்தாவும் சித்தப்பாவும் மெட்டுக்கு வெளியே நிற்பவர்கள்.

கூடப் பிறந்தவர்களைப் பற்றி மற்றவரிடம் சொல்லும்போது பெரியவர்கள் இந்த இரட்டைச் சொற்களை அதிகம் சொல்வதில்லை. என் அண்ணன் டாய்6 லோ2, தம்பி ஸய்3 லோ2, அக்கா கா1 ட்சே1. டாய்6 லோ2-வுக்கு 'தாதா' என்ற பொருளும் உண்டு, நம்மூரில் 'அண்ணன்' என்றால் கட்சிக்காரர்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வருகிற மாதிரி.

பெரியப்பா மகன், அத்தை மகள் எல்லாரும் யார்?

தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். இதுவரை வந்த எல்லாம் நம் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். இங்கே பிரிகிறது.

நம் முறையில் அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளும், அம்மாவின் அக்கா தங்கை பிள்ளைகளும் உடன்பிறப்புகள். பெரியப்பா மகனும் அண்ணன், பெரியம்மா மகனும் அண்ணன். அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் முறைமாமன், முறைப்பெண், மச்சான், மச்சினி. ஆக, நாம் கட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று பார்த்துக் கோடு கிழிக்கிறோம்.

கான்டனீஸ் முறை குடும்பப்பெயரைப் பார்த்துக் கோடு கிழிக்கிறது. அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு மட்டும்தான் நம் குடும்பப்பெயர் இருக்கும். அவர்கள் ட்ஹொங்4 வகை: ட்ஹொங்4 கோ1, ட்ஹொங்4 முய்2 என்று. மற்ற அத்தனை பேரும், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, பெரியம்மா சித்தி பிள்ளை யாராக இருந்தாலும், பியூ2 வகை: பியூ2 கோ1, பியூ2 ட்சே2, பியூ2 டய்2, பியூ2 முய்2. அந்த 'பியூ' என்ற அசைக்கு வெளிப்புறம் என்று பொருள்.

அதனால் பெரியம்மா மகளை மனசுக்குள் 'அக்கா' என்று மொழிபெயர்த்துக்கொண்டு ட்சே4 ட்சே1 என்று நிறுத்திவிட்டால், நேரில் கூப்பிட ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் மூன்றாம் ஆளிடம் அறிமுகப்படுத்தும்போது 'கூடப்பிறந்தவளா?' என்ற கேள்வி வரும். அங்கே பியூ2 ட்சே2 என்று சொல்லியாக வேண்டும்.

பழைய சீன வழக்கில் ட்ஹொங்4 உறவில் திருமணம் கூடவே கூடாது, பியூ2 உறவில் நடந்தது. அதாவது நம் கணக்கில் தங்கையாகிற சித்தி மகளையும் கட்டிக்கொள்ள இடம் இருந்தது. சீனாவின் 1980 திருமணச் சட்டம் மூன்று தலைமுறைக்குள் வரும் உறவு எல்லாவற்றையும் தடை செய்த பிறகு அங்கே இரண்டும் ஒன்றுதான். அண்ணனா தம்பியா என்பதை மட்டும் நம்மைப்போலவே தன் வயதை வைத்துப் பார்ப்பார்கள், அப்பாக்களின் வயதை வைத்தல்ல.

மாமனார், மாமியார்?

தமிழில் 'அத்தை' ஒருத்தியே அப்பாவின் தங்கையாகவும், மாமன் மனைவியாகவும், மாமியாராகவும் இருப்பாள். 'மாமா'வும் அப்படித்தான். கான்டனீஸில் இந்த வசதி கிடையாது. மூன்றும் மூன்று சொல், அதிலும் மாமியாருக்கே இரண்டு.

ஆண்களுக்கு: மனைவியின் அப்பா ஙொய்6 ஃபு2, அம்மா ஙொய்6 மோ2. நம் நெடுங்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும் ங-வுக்கு இங்கே வேலை வந்துவிட்டது. இளையவர்கள் பலர் அந்த ங-வை விழுங்கி 'ஒய்' என்கிறார்கள். பெரியவர்கள் அதைச் சோம்பேறிப் பேச்சு என்பார்கள். நீங்கள் ங-வோடு சொன்னால் மாமனாருக்குப் பிடிக்கும்.

பெண்களுக்கு: கணவனின் அப்பா லோ5 யே4. கணவனின் அம்மா, சிரிக்கக் கூடாது, நாய்4 நாய்2. ஹாங்காங்கில் வாழ்க்கைப்பட்ட தமிழ்ப் பெண் ஊருக்கு வீடியோ காலில் பேசும்போது பக்கத்தில் இருக்கும் மாமியாரை மரியாதையாக இப்படி அழைத்தால் இந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உறவினர்களுக்கு முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது.

திருமணத்தன்று தேநீர்ச் சடங்கு இருக்கும். மணமக்கள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கோப்பையை நீட்டி, எதிரில் உட்கார்ந்திருப்பவரை முறைப்பெயர் சொல்லி அழைத்து, கூடவே 'யம்2 ட்ச்ஹா4' என்க வேண்டும். தேநீர் அருந்துங்கள் என்று அர்த்தம். 'லோ5 யே4, யம்2 ட்ச்ஹா4.' 'நாய்4 நாய்2, யம்2 ட்ச்ஹா4.' அவர் ஒரு மடக்கு குடித்துவிட்டு சிவப்பு உறையோ நகையோ கொடுப்பார். பிறகு அடுத்தவர். அத்தனை பேரின் முறைப்பெயரும் அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று பயப்படாதீர்கள். பக்கத்தில் சடங்கு நடத்தித் தரும் அம்மாள் ஒருவர் நின்று காதில் சொல்லிக்கொடுப்பார்.

கணவனின் தம்பி, அக்காவை எப்படி அழைப்பது என்றால், பிறக்கப்போகும் பிள்ளையின் வாயால் அழைத்துவிடுங்கள். தம்பி ஆ3 ஸுக்1, அக்கா கு1 மா1. பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அண்ணி ஆ3 ஸோ2, அக்கா கணவர் ட்சே2 ஃபு1, மருமகள் ஸம்1 ப்ஹோ5, மருமகன் நொய்5 ஸய்3.

எனக்குச் சீனாவின் பொதுமொழியான மாண்டரின் தெரியும். உதவுமா?

அண்ணன், தம்பி, சித்தப்பா வரைக்கும் உதவும். அதற்குப் பிறகு காலை வாரிவிடும்.

மாண்டரினில் 'நைநை' என்றால் அப்பாவின் அம்மா. கான்டனீஸில் நாய்4 நாய்2 கணவனின் அம்மா. மாண்டரினில் 'போபோ' கணவனின் அம்மா. கான்டனீஸில் ப்ஹோ4 ப்ஹோ2 அம்மாவின் அம்மா. மாண்டரினில் 'கொங்கொங்' மாமனார், கான்டனீஸில் குங்4 குங்1 அம்மாவின் அப்பா. வட சீனாவில் 'லாவ்யே' என்று அம்மாவின் அப்பாவைச் சொல்வார்கள். கான்டனீஸில் லோ5 யே4 மாமனார். தலைமுறையையே ஏற்றி இறக்கிவிட்டார்கள்! பெய்ஜிங்கில் மொழி படித்துவிட்டு ஹாங்காங்குக்கு வரும் மருமகள், பாட்டியைக் கொஞ்சலாக 'நைநை' என்று அழைத்தால் தவறான ஆள் திரும்பிப் பார்ப்பார். இந்த நான்கையும் புதிதாகவே மனப்பாடம் செய்யுங்கள்.

உச்சரிப்பில் தமிழர்களுக்கு எது எளிது, எது கடினம்?

எளிதானது முதலில். ஜூட்பிங்கில் பா, கோ போன்றவற்றை ஆங்கிலத்தின் 'பி', 'ஜி' எழுத்து போட்டு எழுதுவார்கள். அதைப் பார்த்து 'பஸ்'ஸின் ப, 'கோவிந்தா'வின் க என்று கனமாகச் சொல்லிவிடாதீர்கள். பாட்டியின் ப, கோழியின் க, அவ்வளவுதான். ஆங்கிலேயர் மாதக் கணக்கில் பழகும் ஒலி அது, நமக்குச் சும்மா வரும்.

அடுத்தது குறில் நெடில். 'ஸம்' என்றால் சித்தப்பா மனைவி, 'ஸாம்' என்றால் மூன்று. மூன்றாவது சித்தப்பாவின் மனைவி ஸாம்1 ஸம்2. 'கம்பு'க்கும் 'காம்பு'க்கும் வித்தியாசம் தெரிந்த காதுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

கடினமானது சொல்லின் கடைசியில் வரும் க். நாம் எந்த மெய்யையும் அந்தரத்தில் விடமாட்டோம், ஓர் உகரத்தைப் போட்டுத் தரையில் இறக்கிவிடுவோம். ஸுக்1 ஸுக்1 நம் வாயில் சுக்கு சுக்கு ஆகிவிடும். சித்தப்பா கஷாயம் ஆகாமல் இருக்க, க் என்று தொண்டையை அடைத்து அப்படியே நிறுத்திவிடுங்கள். திறக்காதீர்கள்.

ஜூட்பிங்கை ஆங்கிலம்போல் வாசிப்பதும் ஒரு கண்ணி. அதில் 'ஜே' எழுத்துக்கு ய ஒலி, 'இசட்' எழுத்துக்கு ட்ச ஒலி. தாத்தாவை 'ஜேஜே' என்று அழைத்தால் அது அக்காவின் பக்கம் போய் விழும்.

இத்தனையும் கற்க வேண்டுமா? எங்கே தொடங்குவது?

வேண்டாம். உங்களைவிட இளையவர் எல்லாரையும் பெயர் சொல்லியே கூப்பிடலாம். மூத்தவர்களுக்குத்தான் முறைப்பெயர். உங்கள் குறிப்பிட்ட குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மூத்தவர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு சொற்களில் முடிந்துவிடும். இன்றைக்குக் குடும்பங்களும் சிறுத்துவிட்டன. குவாங்டொங்கில் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த இருவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு ஸுக்1 ஸுக்1-வும் கிடையாது, கு1 மா1-வும் கிடையாது, தெருவில் பார்ப்பவர்களைத் தவிர.

ஆனால் அந்தப் பத்துச் சொல்லில் கோட்டை விடக்கூடாது. 'கியூ3 யன்4' என்று ஒரு வழக்கம், ஆளைக் கூப்பிடுதல். சீனப் புத்தாண்டு அன்று உறவினர் வீட்டுக் கதவு திறந்ததும் பிள்ளையின் முதுகில் அம்மாவின் விரல் குத்தும்: 'கூப்பிடு!' செருப்பைக் கழற்றுவதற்குள் அங்கே இருக்கும் பெரியவர் ஒவ்வொருவரையும், மூத்தவரில் தொடங்கி, முறை சொல்லி அழைக்க வேண்டும். சும்மா ஒரு 'ஹலோ'வில் எல்லாரையும் முடித்துவிட்டால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். ஒழுங்காகக் கூப்பிட்ட பிறகுதான் லய்6 ஸீ6 என்ற சிவப்புப் பண உறை. கல்யாணம் ஆனவர்கள் ஆகாதவர்களுக்குக் கொடுப்பது வழக்கம்.

ஒரே முறையில் பலர் இருந்தால் எண் சேர்ப்பார்கள். மூத்தவருக்கு டாய்6, பிறகு யீ6, ஸாம்1, ஸெய்3 என்று இரண்டு, மூன்று, நான்கு, கடைக்குட்டிக்கு ஸய்3. ஆண்களையும் பெண்களையும் சேர்த்து எண்ணுவதா தனித்தனியாகவா என்பது வீட்டுக்கு வீடு மாறும். கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியாட்களையும் இப்படி அழைக்கலாமா?

தாராளமாக. குழந்தைகள் வழியில் பார்க்கும் ஆண்களை ஸுக்1 ஸுக்1 என்பார்கள், வயதானவரை பாக்3 பாக்3 அல்லது குங்4 குங்1 என்பார்கள், மூதாட்டியை ப்ஹோ4 ப்ஹோ2 என்பார்கள். பெரியவர்கள் பெரியவர்களை அழைக்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாற்பது வயதுப் பெண்ணை ப்ஹோ4 ப்ஹோ2 ஆக்கினால் என்ன ஆகும் என்பது, நம்மூர் பஸ்ஸில் யாரையாவது 'பாட்டி' என்று அழைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ட்சே4 ட்சே1-வுக்கு ஹாங்காங்கில் இன்னொரு பொருள் ஊறிவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பெண்களைப் பிள்ளைகள் அப்படித்தான் அழைக்கிறார்கள். பள்ளியில் ஒரு குழந்தை 'ட்சே4 ட்சே1 வந்து கூட்டிப்போவாள்' என்றால் பெரும்பாலும் பணிப்பெண்தான் வருவார். சொந்த அக்காவைச் சொல்ல கா1 ட்சே1 தெளிவு.

தொடர்களில் கேட்கும் எல்லாச் சொல்லையும் பயன்படுத்தலாமா?

குடும்பச் சண்டை இல்லாமல் ஹாங்காங் டிவி தொடர் இல்லை, அதனால் காதுக்கு அது நல்ல பயிற்சி. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சீனர்களோடு பழகி கான்டனீஸ் பேசும் தமிழர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் லோ5 மோ2 என்பதைத் தனியாகச் சொல்லாதீர்கள். அம்மாவைத்தான் குறிக்கும், ஆனால் வசைகளில் வருவதும் அதுவே. யீ6 நாய்1 'இரண்டாவது' என்று தொடங்குவதால் ஏதோ மாமி முறை என்று தோன்றும். அது சின்ன வீடு.

வந்திருப்பவர் யார் என்றே தெரியவில்லை, என்ன செய்வது?

'டிம்2 ட்ச்ஹிங்1 ஃபு1?' என்று கேளுங்கள். உங்களை எப்படி அழைப்பது என்று பொருள். மரியாதையான கேள்வி, யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் ஸெய்3 கு1 ட்சே1 என்பார், நாலாவது அத்தை. நீங்கள் அதை அப்படியே தொனி மாறாமல் திருப்பிச் சொல்லி, தட்டை அவர் பக்கம் நகர்த்தினால் போதும்.